பாவு கட்டிய தெருவில் ஈர பிரேக்

என் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டு வாக்கில் ஆரணியில் ஒரு பட்டு முதலாளிக்குக் கார் ஓட்டினேன். கழுவிய காரை அப்படியே நிறுத்தினால் ஈரத்தில் பிரேக் துருப்பிடித்து, சக்கரம் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆகி, முதலாளி பஸ்ஸில் போளூர் போனார். "இன்னொரு தரம் ஒட்டிகிச்சின்னா வேற எடம் பாத்துக்கோ" என்றார். அதிலிருந்து, கழுவியதும் தெருவை ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை மெல்ல மிதித்துக் காய வைப்பேன்.

ஒருநாள் நான் கழுவி முடிப்பதற்குள் நெசவாளர்கள் தறியில் ஏற்றும் நீள இழைகளை, பட்டுப் பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி வழியை அடைத்துவிட்டார்கள். அதை எடுக்க மத்தியானமாகும். சக்கரங்களைத் துணியால் துடைத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி பிரேக் மிதித்தேன்.

"இன்னா டிரைவரே, புள்ள தூங்கலியா? தொட்டில் ஆட்டிகினே கீற!" என்றார் பாவுக்குக் கஞ்சி போட்டவர். தெருவே சிரித்தது. யாராவது பார்த்தாலே தலைகுனிகிறவன் நான். இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ஈரம் போகும்வரை நிறுத்தவில்லை. பிறகு, ஹேண்ட்பிரேக் போட்டால் மிச்ச ஈரத்தில் ஒட்டிக்கொள்ளுமென்று, அதைப் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

பாவைச் சுருட்டியதும் முதலாளி சந்தவாசலுக்குக் கிளம்பினார். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்கு அது போதும்.

எழுதியது: 1988, ஆவணி 3.