ஒரு வருஷம் குறைத்துக் கூட்டியவள்

ஸ்வீடனின் மால்மோ நகரில், துணையின்றி வந்த அகதிப் பிள்ளைகள் மனம் உடைந்த நிலையில் அவசரமாகக் கொண்டுவரப்படும் வார்டு ஒன்றில் நான் நர்ஸ். நேக்பக்த் அங்கே மொழிபெயர்ப்பாளர். ஆப்கானிஸ்தானில் கஜினிப் பக்கத்து ஹசாரா இனப் பெண். பிள்ளை "நான் சாகணும்" என்றால் அவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும், தொழில் விதி. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, தன்னுடைய "நான்" எங்கே போயிற்று என்று தேடுபவள் போலிருப்பாள்.

வார்டில் இருந்த ஆப்கான் பையன் எவாஸ், போட்டிருந்த கோட்டோடு கடலுக்குள் நடந்து போனவன். நாயோடு உலாவ வந்த ஒருவர் இழுத்துப் போட்டார். பத்து நாள் பேசாமல் கிடந்தவன் இப்போதுதான் வாய் திறந்திருந்தான். ஆனால் புதன்கிழமை காகிதப்படி அவனுக்குப் பதினெட்டு. அன்றே பெரியவர்கள் வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

"அங்க போனா மறுபடி வாயை மூடிப்பான். அப்புறம் கடல்தான்" என்றார் டாக்டர் செர்ஸ்டின்.

திங்கட்கிழமை, ஜன்னலில் பனி மிதந்துகொண்டிருக்க, அவன் கனவைச் சொன்னான். நேக்பக்தின் குரலில் அது எங்களிடம் வந்தது.

"கூரை வரைக்கும் பனி. நான் மேல நடக்கறேன். கீழ அம்மா என்னையே பெத்துக்கிட்டிருக்கா. 'சீக்கிரம் வாடா, இந்த வருஷம் முடிய இன்னும் அம்பதே நாள்'ங்கறா..."

நேக்பக்த் அந்த இடத்திலேயே மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்," என்றாள் பிறகு. "இவன் இந்த ஊருக்கு வந்தன்னிக்கு, அகதிகள் அலுவலகத்துல இவன் பிறந்த வருஷத்தை உங்க கணக்குக்கு மாத்திச் சொன்னது நான். எங்க நாட்டுக் கணக்குல 1384. கூட 621 போட்டு 2005ன்னேன். எங்க வருஷம் மார்ச்சுல பிறக்குது. அதுக்கு அம்பது நாள் முன்னாடின்னா ஜனவரி. ஜனவரிப் பிள்ளைக்கு 622 போடணும். இவனுக்குப் பதினேழுதான் ஆகப்போகுது."

"எழுத்துல வேணும். உங்க பேரோட. வேலைக்கே ஆபத்தாகலாம்" என்றார் டாக்டர்.

"பேனா குடுங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு அவனுக்கும் சொன்னாள்.

"என் வருஷத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க, சித்தி?"

"கைப்பையில."

"திருடி!" என்றான். உதடு லேசாக விரிந்தது.

புதன்கிழமை அவனை யாரும் அழைத்துப் போக வரவில்லை. வயது விசாரணை முடியும்வரை சிறுவனாகவே இருக்கட்டும் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்திருந்தது. நேக்பக்தைத்தான் அதன்பின் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளைப் பஸ்ஸில் பார்த்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறாளாம்.

"எவாஸ் பேசறானா?"

"வாய் ஓயறதில்ல."

தலையாட்டினாள். பிறகு, இறங்குமிடம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல், "ஒன்பது வருஷமா 621 போட்டே மாத்திச் சொல்லியிருக்கேன். ஜனவரியில பிறந்தவங்க எத்தனை பேரோ?" என்றாள்.