சட்டையில் ஒட்டி வந்தது

காலும் நீளம், கழுத்தும் நீளம் என்பதால் பட்டறையில் அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தகடுகளைப் பிரித்து, உலையில் போட்டு உருக்குகிற பட்டறை அது. கொக்குக்கு உடைக்கிற வேலை. பதினோரு வருடமாகச் சுத்தியலும் கையுமாக இருந்தான். அமிலம் தெறித்துத் தெறித்து அவன் சட்டைகளெல்லாம் சல்லடை. ஜன்னல் வைத்துத் தைத்த சட்டை, காற்று நன்றாக வரும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டியிருந்த மரங்கள் உலைப்புகை அடிக்கிற பக்கம் மட்டும் காய்ந்துபோயின. கழிவுநீர்க் குட்டையில் வாய் வைத்த தெருநாய்கள் வலிப்பு வந்து செத்தன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொக்கும்தான்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் அவன் மகள். நாலு தெரு தள்ளி மாடியில் ஒற்றை அறை வீடு. சாயங்காலம் படியில் அவன் காலடி கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். முகம் கழுவக்கூட விடமாட்டாள். அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே, யார் யாரை அடித்தார்கள், எந்தக் காக்கா எதைத் தூக்கிக்கொண்டு போனது என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அவனுக்கு அன்றைய உடம்புவலியெல்லாம் அதோடு போய்விடும்.

மூன்றரை வயதில் அந்தப் பேச்சு குறைய ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. நேற்றுவரை சொன்ன வார்த்தைக்கு இன்று விரலை நீட்டிக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா குழந்தையைப் பார்த்து முடித்த பிறகு கொக்கின் நகங்களைப் பார்த்தார். என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று அவர் சுற்றிவளைக்கவில்லை.

“குழந்தை ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. பட்டறைத் தூசி உங்க சட்டையில, தலைமுடியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருது. அதுதான் அவ உள்ள போகுது.”

“நான் தூக்குறதாலயா?” என்று கேட்டான் கொக்கு.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “உங்களுக்கு யாரும் சொல்லல. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல” என்றார்.

அந்த வாரமே மனைவியும் மகளும் ஊரின் மறுகோடியில் இருந்த மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். வேலை முடிந்து குளிக்கப் பட்டறையில் ஓர் இடம் வேண்டும் என்று கொக்கு கேட்டான். முதலாளி காது கொடுக்கவில்லை. வேறு வேலை தேடி அலைந்தான். உடைக்க மட்டுமே தெரிந்தவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. காலி வீட்டை ஈரத்துணியால் தினமும் துடைத்தான். ஒவ்வொரு நாளும் துணி கறுத்தது. இத்தனையும் நம் கூடவே படுத்துத் தூங்கியிருக்கிறதே என்று நினைத்து மறுபடியும் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை தேய்த்துக் குளித்துவிட்டு, பட்டறைக்குப் போடாத சட்டையைப் போட்டுக்கொண்டு போவான். போய் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வான். குழந்தை ஓடிவந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

“குளிச்சிட்டுத்தானங்க வந்தீங்க. ஒரு தடவை தூக்குங்க. ஏங்கிப்போய்க் கெடக்கா” என்று மனைவி கெஞ்சினாள்.

“போன ஞாயித்துக்கெழமையும் காதுக்குப் பின்னாடி தூசி இருந்துச்சு” என்றான் அவன்.

முதல் சில வாரங்கள் குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். பிறகு அழுவதை நிறுத்தினாள். ஓடிவருவதையும் நிறுத்தினாள். உள்ளே விளையாடிக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அழுதபோதுகூடத் தாங்கிக்கொண்டவனுக்கு இது தாங்கவில்லை. திரும்பிவரும் பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை அவன் மடியில் சாய்ந்தால்கூட எழுந்து நின்றுகொள்வான்.

நாலாவது மாதம் அவனுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். மகளுக்கு இருந்ததைப்போலப் பல மடங்கு. கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. இதற்கு மேலும் அங்கே போனால் உடம்பு தேறாது என்றார் டாக்டரம்மா. அவன் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், யார் யாரையோ பிடித்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தார். கொக்குக்கு ஏற்ற இடம்தான், தண்ணீரிலேயே நிற்கலாம் என்று கிண்டலும் செய்தார்.

பட்டறையை விட்டபின் ஒரே ஒருநாள் அங்கே போனான். அவன் இடத்துக்கு வந்திருந்த புது ஆளை வாசலில் மறித்து, பிள்ளைகள் உண்டா என்று கேட்டான். இரண்டு என்றான் அவன். குளிக்காமல் தூக்காதே, சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்று கொக்கு விவரமாகச் சொன்னான். புது ஆள் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்து மூவரும் ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக் குடிபோனார்கள். மகளின் ரத்தத்தில் ஈயம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆறுக்கு மேல் எண்ணத்தான் இன்னும் தடுமாறினாள். போனதெல்லாம் முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

ஆனால் அவள் அவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். பெரியம்மா பிள்ளைகள் அவனை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டு வளர்ந்த பழக்கம். மனைவி அதட்டித் திருத்தப் போனாள். விடு, தானாக வரட்டும் என்றுவிட்டான் அவன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளியில் சேர்த்த புதிதில் ஒருநாள் அவளைக் கூட்டிவரப் போனான். வாசலில் ஆசிரியை, வந்திருப்பது யார் என்று குழந்தையிடம் கேட்டார்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்து யோசித்தாள். “எங்க வீட்ல இருக்காருல்ல, அவரு” என்றாள்.

ஆசிரியை சிரித்தார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் நெருக்கமாக வந்துகொண்டிருந்தன. தூக்கிக்கட்டுமா என்று குனிந்து கேட்டான்.

“வேணாம். நான் பெரிய பொண்ணாயிட்டேன்” என்றாள் அவள்.

சரி என்று விரலை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.