கொட்டிலில் தொங்கிய பழி

என் அண்ணன் துரோண்டுர் தன் நெஞ்சைப் பற்றி ஊரெல்லாம் பேசுவான். வயிற்றைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான். ஃபாரோ தீவுக்கூட்டத்தின் இந்த வடக்குத் தீவில் பாதிப் பேர் எங்களுக்கு உறவு. மீதிப் பேர் அந்த உறவுகளுக்கு உறவு. இங்கே ஒருத்தி தும்மினால் அடுத்த தீவில் நலம் விசாரிப்பார்கள்.

அப்பா செம்மறி அறுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்துபோனார். இரத்தத்தில் கொழுப்பு என்றார்கள். அதுவே எங்கள் வீட்டுப் பெருமையாகிப் போனது. அண்ணனுக்கும் அதே கொழுப்பு. மாத்திரையை விழுங்கிவிட்டு மீன் பண்ணைப் படகுக்குப் போவான்.

இலையுதிர் காலத்தில் ஆடுகளை அறுத்து, பலகை இடுக்கில் கடல்காற்று நுழையும் கொட்டிலில் தொங்கவிடுவோம். உப்பு கிடையாது, காற்றே புளிக்கவைக்கும். முதல் கறி தின்றதும் சிலருக்கு வயிறு கலக்கும். அதைச் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குள்தான் அண்ணன் ஒளிந்துகொண்டான்.

அவன் மனைவி பிரிந்து டென்மார்க் போனபின் மகள் பிரிதாவை அவனே வளர்த்தான். அவள் பால் புகட்டி வளர்த்த குட்டியை அறுத்த நாளிலிருந்து அவள் கறியைத் தொடுவதில்லை.

"புல்லையே தின்னுட்டு இரு. ஒருநாள் உன்னையும் கொட்டில்ல தொங்கவிடறேன்" என்று கிண்டலடிப்பான். எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவே பிடிக்காது.

ஒருநாள் அவன் வீட்டுக் கழிப்பறையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, இது என்ன கண்றாவி?"

"புளிச்ச கறிடி. இந்த வருஷம் மழை ஜாஸ்தி, சரியாக் காயல."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"நீ போய் உன் கம்பளி பின்னு."

கொஞ்ச நாளில் தலைநகரிலிருந்து ஒரு பெண் மருத்துவர் குடும்பம் குடும்பமாக இரத்தம் எடுக்க வந்தார். இரத்தக் கொழுப்பும் குடல் அழற்சியும் ஒரே மரபு வழியில் சேர்ந்து வருகின்றனவா என்று தேடுகிறார்களாம். இன்னும் உறுதியாகத் தெரியாதாம்.

"உங்க வீட்ல யாருக்காவது குடல் தொந்தரவு?"

"எங்களுக்கு நெஞ்சுதான் டாக்டர் கோளாறு. குடல் இரும்பு" என்றான் அண்ணன்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"சொன்னா படகுல எல்லாரும் என் பின்பக்கத்தைப் பத்தித்தான் பேசுவானுங்க. விடுடி."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

புதுக்கறி வெட்டும் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் விருந்து. பிரிதா உருளைக்கிழங்கை மட்டும் கிளறிக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை.

"எத்தனை நாளாடி இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான் அத்தை. இரத்தமும் வருது. அப்பாவுக்கு வர்ற மாதிரிதானேன்னு பயப்படல. என் சாப்பாடு கறிச்சட்டியில எங்கயாவது பட்டிருக்கும்னு நினைச்சேன்."

அண்ணனின் கத்தி கறியிலேயே நின்றுவிட்டது.

"நீதான் கறியே தொடறதில்லையே" என்றான்.

"அப்ப இது என்னப்பா?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அந்த டாக்டருக்குப் போன் போடுடி. எனக்கும் இருக்குன்னு சொல்லு." கத்தியை மேசையில் வைத்தான். "அப்பாவுக்கும் இருந்துச்சு. அவரும் கறின்னுதான் சொன்னாரு."