டெஸ்ஸின் வேலைத் துணி

நோலீன் காஸ்கெல் தன் வாழ்நாளில் ஒரு வெள்ளாட்டைத் தொட்டதுகூடக் கிடையாது. கூராபின் என்ற உள்நாட்டுச் சிற்றூரின் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிக் கடையில் சாசேஜ் ரோல் சூடாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஆடு வெட்டுவது கணவன் டெஸ்ஸின் பாடு. செம்மண் காட்டில் திரியும் ஆடுகளைப் பிடித்து லாரி லாரியாக இறைச்சி ஆலைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வயிற்றைக் கிழித்துக் குடல் எடுக்கும் வரிசையில் டெஸ் இளவயது முதலே நின்றவன்.

ஓர் ஆகஸ்ட் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோலத் தலைவலி; விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. ஃப்ளூ என்றார்கள். போயிற்று. பிறகு திரும்ப வந்தது. கூராபின் மருத்துவமனையில் எந்த மருத்துவரும் நிலைத்து இருப்பதில்லை. வந்தவர் முகம் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார் ஒருவர். அடுத்தவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். ஈரல் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்த ஒரு இளைஞர், தாழ்ந்த குரலில், எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஷெர்ரி குடிப்பவள் அவள். ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி எதுவும் வளரவில்லை என்று பதில் வந்தது.

இப்படியே இரண்டு குளிர்காலம் ஓடியது. உடுப்பெல்லாம் தொளதொளத்தது. ரொட்டித் தட்டைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. கடை வேலையை விட்டாள். நோய்க்கு ஒரு பெயர் இருந்திருந்தால் ஊர் இரக்கப்பட்டிருக்கும். பெயரில்லாத நோய்க்குச் சோம்பல் என்று ஊரே பெயர் வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது, கழுவாத பாத்திரக் குவியலைக் காட்டி டெஸ் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"நாள் முழுக்க ஆடு வெட்டுறவன் நான். களைச்சுப் போறது மட்டும் அம்மணி."

எல்லாரும் சிரித்தார்கள். நோலீனும் சிரித்துவைத்தாள். பிறகு எழுந்து, தொட்டியைப் பிடித்துக்கொண்டே பாத்திரங்களைக் கழுவி முடித்தாள்.

அந்த அக்டோபரில் அவள் துணிக்கொடியின் அடியில் விழுந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. விமானத்தில் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோனார்கள். இதய வால்வு ஒன்று அரித்துப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். வெட்டி எடுத்ததைச் சோதித்த பிறகு, தொற்றுநோய் மருத்துவர் ஒரு பெண்மணி, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் ஆடு மாடு உண்டா, பண்ணையில் வேலை பார்த்தாளா, குட்டி போடும்போது பக்கத்தில் இருந்தாளா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் நோலீன். பிறகு அவர் ஜன்னலோரம் நின்ற டெஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"இறைச்சி ஆலையில. குடல் எடுக்குறது." அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "ஆட்டுலேர்ந்து ஒட்டுற கியூ காய்ச்சல்தானே கேக்குறீங்க? அதுக்கு எனக்கு வேலைக்குச் சேரும்போதே ஊசி போட்டாச்சு. எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு இருக்காது. உங்க வேலைத் துணிய யார் துவைக்கிறது?"

டெஸ் மனைவியைப் பார்த்தான். ஆலையில் துணி வெளுப்பதை நிறுத்திப் பல வருஷமாயிற்று. ரத்தமும் சாணியும் காய்ந்து விறைத்த அங்கியை அவன் சுருட்டிக்கொண்டு வருவான். நோலீன் பின்வாசலில் நின்று அதை நன்றாக உதறி, பொடி பறக்க, அப்புறம்தான் இயந்திரத்தில் போடுவாள்.

"நான்தான்," என்றாள் அவள்.

ஆட்டின் ரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கிற கிருமி அது, காய்ந்து தூசியானாலும் சாகாது, மூச்சோடு உள்ளே போனால் போதும் என்று மருத்துவர் விளக்கினார். வழக்கமான சோதனையில் அது வளராது. அதைத்தான் என்று சந்தேகப்பட்டுத் தேடினால்தான் அகப்படும்.

இரண்டு விதமான மாத்திரைகள். குறைந்தது இரண்டு வருஷம் என்றார்கள். விழுங்கிய பிறகு படுக்கக் கூடாது, தொண்டை வெந்துவிடும். பாலோடு சாப்பிட்டால் மருந்து ஏறாது. மாத்திரை சாப்பிடுகிற உடம்பு வெயிலைத் தாங்காது. கூராபினில் வெயிலைத் தவிர வேறென்ன இருக்கிறது? குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவிட்டு வந்த ஒரு காலை நேரத்திலேயே புறங்கை கொப்பளித்தது. திரைகளை இழுத்துவிட்டு வீட்டுக்குள் கிடந்தாள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மாத்திரை கண்ணைக் கெடுக்கலாம் என்று அதற்கு வேறு சோதனை.

டெஸ் மாறிப்போனான். ஆலைத் துணியை வீட்டுக்குள் கொண்டுவராமல், கொட்டகைக்குப் பின்னால் டிரம்மில் ஊறவைத்துத் தானே துவைத்தான். சமைத்தான். நாய்க்குட்டியைப்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வேளை தவறாமல் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்று, அவள் விழுங்குகிற வரைக்கும் நகர மாட்டான். பழைய கேலியைவிட இந்தக் கரிசனம் அவளுக்குக் கனத்தது. திட்ட வேண்டும்போல இருக்கும். ஆனால் திட்டினால் அவன் அழுதுவிடுவான் என்று தோன்றும். அவனைத் தேற்றவும் அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு கட்டத்தில் அவள் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிவைத்து, அவன் போனதும் துப்ப ஆரம்பித்தாள். குமட்டல் நின்றது. ஒரு சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் நடந்துகூடப் போய்வந்தாள். குணமாகிவிட்டதாகவே நம்பினாள். கோடை முடிவதற்குள் வியர்வை திரும்பி வந்தது. ரத்தத்தில் கிருமியின் அடையாளம் பழையபடி ஏறியிருந்தது. கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஒருவேளை ஆயுசுக்கும் நிறுத்த முடியாமல் போகலாம் என்று பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்.

மாத்திரையைத் துப்பியதை அவள் ஒப்புக்கொண்டதும், டெஸ் சமையலறை மேசையருகே இடிந்துபோய் உட்கார்ந்தான்.

"என்னைத் தண்டிக்கிறதுக்காகவா இப்படிப் பண்ணுன, நோல்?"

"எல்லாமே உன்னைப் பத்திதானா?" என்றாள் அவள். "வாந்தி எடுக்குறது நான். தோல் வேகுறது எனக்கு. ஒரு நாளாவது நோயாளியா இல்லாம இருக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"துணியக் கொண்டுவந்தது நான்தானே."

"ஆமா, நீதான். உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா நான் பொய்யா படுத்துக் கிடக்கேன்னு உன் தம்பி முன்னால சிரிச்சியே, அது உனக்குத் தெரிஞ்சுதானே செஞ்ச?"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரைப் பெட்டியை அவளே வைத்துக்கொண்டாள். அவன் வந்து நிற்பதை நிறுத்தினான்.

அடுத்த வாரம் ஆலையின் சாப்பாட்டு அறையில் டெஸ் எழுந்து நின்று பேசினான் என்று ஊரெல்லாம் பேச்சு. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், வீட்டுக்குத் துணி கொண்டுபோகாதீர்கள், நமக்கு ஊசி போட்டார்கள், நம் பெண்களுக்கு யார் போட்டார்கள் என்று கேட்டானாம். பொண்டாட்டிக்குப் பயந்து துணி துவைக்கிறான் என்று பாதிப்பேர் சிரித்தார்களாம். அவன் இதை வீட்டில் சொல்லவில்லை.

சொன்னது டார்சி. எலும்பு நீக்கும் வரிசையில் வேலை பார்க்கிற ஒருவனின் இளம் மனைவி. ஒரு மத்தியானம் நோலீன் வீட்டுக் கம்பிக்கதவைத் தட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் அவள் வயிற்றில் இருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் இறந்துபோனதை ஊர் அறியும். அதற்குமுன் ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்தது. கர்ப்பத்தில் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். டெஸ் பேசியதைக் கேட்டு வந்த அவள் புருஷன் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கி எடுக்கச் செய்திருக்கிறான். அவளுக்கும் அதே கிருமிதான் என்று முடிவு வந்துவிட்டது.

"நான்தான் துவைச்சேன்," என்றாள் டார்சி. "வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு, தினம் துவைச்சேன்."

அது உன் குற்றமில்லை என்று சொல்ல நோலீனுக்கு வாய் வந்தது. தனக்கே அந்த வார்த்தை உதவியதில்லை என்று நினைத்து விட்டுவிட்டாள். நாற்காலியைத் திரையின் நிழலுக்குள் இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தாள். ரொட்டியைச் சுட்டு வைத்தாள். டார்சி கைப்பையிலிருந்து புது மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எத்தனை நாளைக்குக்கா?"

"உனக்கு எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு முடியிற மாதிரி இல்ல. முதல்ல ரொட்டியச் சாப்பிடு. பால் வேண்டாம். மாத்திரை போட்டதும் படுக்காத, நேரா உக்காந்திரு."

டார்சி ரொட்டியைப் பிட்டு, மென்று, விழுங்கினாள். நோலீனும் தன் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, படுக்கலாம் என்கிற நேரம் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.