பெட்டிக்குள் ஒரு தும்மல்

பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. விலங்கியல் படிப்பித்தவன், செத்தது செத்ததுதான் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வுபெற்றவன். நீங்களும் இதை நம்பமாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் மலையகத்து வட்டவளையில் என் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நான் ஆராய்ந்தது கடற்பன்றிகளின் மண்டையோட்டை. கடற்பன்றி என்பது டொல்பினுக்குச் சின்ன உறவு, மொட்டை மூக்கு, உச்சந்தலையில் மூச்சுத்துளை, மேலே வந்து மூச்சுவிடும்போது குழந்தை தும்முவதுபோலவே கேட்கும். அதன் மூளை அழுகிப்போனாலும், அது இருந்த குழிக்குள் ரப்பர்க் குழம்பை ஊற்றி, இறுகியதும் பிடரித் துளை வழியாக இழுத்தெடுத்தால் மூளையின் வடிவம் அப்படியே கைக்கு வந்துவிடும். ஒரு தாயின் வடிவத்தையும் அதன் குட்டியின் வடிவத்தையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. மன்னார்ப் பக்கம் ஒரு கரையில், வலையில் சிக்கிய தாய் செத்துக் கிடந்தது, ஆழமில்லாத தண்ணீரில் குட்டி அதைச் சுற்றிச் சுற்றித் தும்மிக்கொண்டிருந்தது. "தாய்தான் செத்திட்டுது சேர், பிள்ளையையாவது விடுங்கோவன்," என்றார் ஒரு மீனவர். பாலில்லாமல் எப்படியும் செத்துவிடும் என்றேன். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தலை வேண்டியிருந்தது. மணலில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, தும்மல் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வேறு வேலைகளில் இரண்டு மண்டையோடுகளும் நெடுங்காலம் தனித்தனிப் பெட்டிகளில் கிடந்தன. போன மழைக்காலத்தில்தான் தாயின் மண்டையோட்டில் குழம்பை ஊற்றினேன். இறுகியதை இழுத்தெடுத்த பின்னேரம் மலையே தெரியாத அளவுக்கு மூடுபனி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து எனக்குச் சமைக்க வரும் செல்லம்மா அடுப்படியில் நின்று, "மொதல்ல எலும்புக்கு டீ ஊத்தவாங்கய்யா, ஒங்களுக்கா?" என்று வழக்கம்போலக் கேலி செய்தாள். தாயின் மூளை வடிவம் என் இரண்டு கைகளிலும் நிறைந்திருந்தது. அப்போது, கட்டி வைத்திருந்த குட்டியின் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தும்மல்.

பிரமை என்றே விட்டிருப்பேன். ஆனால் செல்லம்மா அங்கிருந்தபடியே "நூறு" என்றாள், பிள்ளைகள் தும்மினால் நூறு வயது வாழட்டும் என்று யோசிக்காமலே சொல்வோமே, அப்படி. பிறகு எட்டிப் பார்த்தாள்.

"யாரு புள்ளைங்கய்யா வந்திருக்கு? சளி புடிச்சிருக்கு போல."

பெட்டியைத் திறந்தேன். கவிழ்த்து வைத்த மண்டையோடு, உச்சிக்குழிகூட மூடாத பிஞ்சு, காய்ந்துதான் கிடந்தது. மூச்சுத்துளைக்கு நேர்கீழே விரித்திருந்த பத்திரிகைத் தாள் மட்டும் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், உப்புக் கரித்தது.

குட்டிக்குள் குழம்பு ஊற்ற அதன்பிறகு மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டேன். ஆனாலும் மூடுபனி இறங்கும் சில பின்னேரங்களில் அந்தத் தும்மல் கேட்கிறது. செல்லம்மா இருந்தால் "நூறு" என்று சொல்லிவிடுவாள், உடனே அடங்கிவிடும். அவள் வராத நாட்களில், யாராவது சொல்வார்கள் என்று காத்திருப்பதுபோல அது தும்மிக்கொண்டே இருக்கிறது. நானும் வாயைத் திறக்கிறேன். ஒரு சொல்தான், வருவதில்லை.