ஏழரைக்கு எரியும் விளக்கு

எங்கள் அம்மா மாங்கேணியில், அலைச் சத்தம் கேட்கும் வீடொன்றில் பிறந்தார். கலியாணம் அவரைப் புளியந்தீவுக்குக் கொண்டுவந்தது. புயல் கூரையைக் கொண்டுபோனது. சண்டை ஊர் ஊராக அலைத்தது. அப்பாவும் வேளைக்கே கண்ணை மூடிவிட்டார். அம்மா தையல் மெசினை மிதித்தே எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தங்கச்சி ஆசிரியையானாள். நான் ஆட்களைச் சிரிக்கவைக்கப் பத்திரிகைகளுக்குப் பகிடி எழுதுகிறவன் ஆனேன். அதற்கு அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

பிற்காலத்தில் அம்மா தமக்கென்று ஆசைப்பட்டது ஒன்றுதான்: இரவு ஏழரைக்கு வரும் நாடகம். அதையும் முழுதாகப் பார்த்ததில்லை. வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார். ஆள் வந்திருக்கையில் நாடகம் ஓடுவது அவருக்கு மரியாதைக்கேடு. வந்தவர்களோ தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

அதற்காக, நாடகத்தைப் பதிந்துவைத்துப் பிறகு பார்க்க, நான் ஒரு பதிவுப் பெட்டி வாங்கினேன். படித்தவன் அல்லவா, கடையில் இருந்தவற்றிலேயே அதிக வேலை செய்யக்கூடியதாகத் தேர்ந்தேன். அதன் ரிமோட்டை வைத்து விமானமே ஓட்டலாம். எழுத்தோ எறும்பளவு. அம்மா பதிந்த முதல் நாடகம், மறுநாள் போட்டுப் பார்த்தால், கிரிக்கெட்டாக இருந்தது.

"நல்லா விளையாடுறானுகள் மனே," என்றார், என் மனம் நோகக்கூடாது என்று.

தங்கச்சிக்கு அந்தக் கவலை இல்லை. "அம்மாட கையில குடுத்துப் பார்த்தீங்களா அண்ணன்? உங்கட கைக்குத்தானே வாங்கியிருக்கீங்க," என்று ஏசிவிட்டு, அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போனாள். அம்மா கண்ணாடி போடாமல் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து, நாலைந்து பெரிய பொத்தான்கள் மட்டும் உள்ளதைத் தாமே எடுத்தார். நேரத்தை ஒருமுறை குறித்துவிட்டால் தினமும் தானாகப் பதியும். பதிகையில் சிவப்பு விளக்கு எரியும். அன்றிலிருந்து யார் வந்தாலும் அம்மா திரையை அணைப்பார், அந்த விளக்கை ஒருதரம் பார்ப்பார், பிறகு நிம்மதியாகக் கதைப்பார்.

ஆஸ்பத்திரியில், பேச்சுக் குறைந்துபோன ஒரு மாலையில், என்னைக் கிட்ட வரச் சொன்னார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"நாடகம் ரெக்கோட் ஆகுதா மனே?"

"ஓம் அம்மா. எல்லாம் கிடக்கு."

"அப்ப வீட்ட போய்ப் பார்ப்பம்."

அம்மா வீட்டுக்கு வந்தார். பார்க்கத்தான் இல்லை.

சாவீட்டு வழக்கப்படி தொலைக்காட்சியை வெள்ளைத் துணியால் மூடினோம். கீழே இருந்த பெட்டியை ஒருவரும் நினைக்கவில்லை. செபமாலை நடந்துகொண்டிருக்கையில், ஏழரைக்கு, சிவப்பு விளக்கு எரிந்தது. செபத்தை நடத்திய தங்கச்சியின் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை அயலவர்களே சொல்லி முடித்தார்கள்.

அவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் கண்விழித்தவர்களுக்கும், ஏறாவூரிலிருந்து ரமழான் நோன்போடு வந்து அடக்கத்தில் வெயிலில் நின்ற, அம்மா தைத்துக்கொடுத்த துணிக்கடைக் குடும்பத்தாருக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா ஒருநாளும் சொல்லாததை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது: நீங்கள் அனேகமாக எல்லாரும் ஏழரைக்கு வந்தவர்கள்தான். இனியும் அந்த நேரத்துக்கே வாருங்கள். நாங்கள் திரையை அணைத்துவிட்டு உங்களோடு கதைக்கிறோம். நாடகத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.