மீசை வைத்த ரதி

எழுபதுகளின் பிற்பகுதி. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மாசி மாதக் காமன் கூத்தில் சேலை கட்டி ரதி ஆடியவன் நான்தான். மன்மதன் வேஷம் கட்டியவன் தேயிலை ஆலையில் வேலை செய்தான். கூத்தில் மட்டுமில்லை, வெளியிலும் நாங்கள் ஜோடிதான். நாங்கள் குடியிருந்த லயத்தில் பலருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கூத்துக்காக நடும் காமன் கம்பத்துக்குப் பக்கத்தில் ரதி மன்மதன் படம் வைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அந்த வருஷம் என்னைச் செய்யச் சொன்னார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஈயத்தாளை ஒட்டி, சாக்கில் உடம்பு தைத்து, எங்கள் போட்டோவிலிருந்து முகங்களை வெட்டி வைத்தேன். எனக்கு முன்னால் ரதி ஆடியவரை, இன்னொரு ஆம்பளையோடு இருந்தார் என்று அடித்துத் துரத்தியிருந்தார்கள். அவர் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. அவர் கட்டிய கூத்துச் சேலையில் ஒரு துண்டை ஓரத்தில் தைத்தேன். என் ரதிக்குச் சேலை இல்லை. சட்டை போட்டு, மீசையோடு, மன்மதன் தோளில் கை போட்டு நின்றான்.

அன்று சாயங்காலமே கூட்டம் வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு முன்னால் வந்தவன் என் சொந்த அண்ணன்.

“சீல கட்டிக்கிட்டு ஆடு, பாக்குறோம். இது என்னாடா மானங்கெட்ட வேல?”

கத்தியை ஓங்கிவிட்டான். கூத்து மாஸ்டர் குறுக்கே நின்றார். எங்கள் மேல் பாசத்தில் இல்லை.

“இவனுகளக் கண்டா எனக்கும் ஆகாது. ஆனா வெரதம் இருந்து காப்புக் கட்டியிருக்கானுக. இவனுக ரத்தம் விழுந்தா தோட்டத்துக்குத்தான் கேடு. காமன எரிச்சு காப்ப அவுத்த பொறகு என்னமும் செஞ்சுக்கங்க.”

கத்தி இறங்கியது. படத்துக்குக் காப்பு இல்லையே. அதைக் கொத்திப் போட்டார்கள்.

அதன் பிறகும் ஆடினோம். சனம் கைதட்டியது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் ஆள் பின்னால் வந்தது. “புதுப்பொண்ணே, காப்பு அவுக்கட்டும்” என்று சிரித்தார்கள்.

காமனை எரிக்கும் நாள் விடிந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்காதவனுக்கு அன்றைய வேலை இல்லை. அதனால் எங்களைக் காவல் காத்தவர்களும் பெரட்டுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து மலை இறங்கினோம். காப்போடு தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்கள். தாண்டினோம். கீழே ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏறினோம்.

மறு வருஷம் மாஸ்டர் கொழும்பில் எங்களைத் தேடி வந்தார். ரதிக்குச் சரியான ஆள் கிடைக்கவில்லையாம்.

“பழச விடுப்பா. ஒங்கண்ணன்கூட சரின்னுட்டான். வந்து ஆடிக் குடுத்துட்டுப் போங்க.”

“எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எந்த வீட்டுல தங்க வைப்பீங்க மாஸ்டர்?”

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழுந்து போனார்.

எங்களைப் போன்ற ஆம்பளைகள் அந்த மலையில் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். வேஷம் கட்டினால் கும்பிட்டவர்கள், வேஷத்தைக் கலைத்தால் வெட்ட வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது.